அடுத்த பந்து போட்டாச்சு

என் மகன் அப்தியேல் தன் கால்காப்பின் வாரை இன்னொரு பையனை மாட்டிவிடச் சொன்னபோதுதான் எனக்கு முதலில் சந்தேகம் தட்டியது. பதினோரு வயசுப் பையன், எங்கள் ஊர் பேஸ்பால் அணியின் கேட்சர். அவன் காப்புகளை யாரும் தொடக்கூடாது. வீட்டில் சோறு ஆறிப்போனாலும் போகட்டும் என்று அந்த வார்களை ஒவ்வொன்றாகத் துடைத்து மடித்து வைத்துவிட்டுத்தான் தட்டில் கை வைப்பான். அப்படிப்பட்டவன் ஆட்டக்காரர் கொட்டகையில் காலை நீட்டி உட்கார்ந்து, இடது கையை அக்குளுக்குள் செருகிக்கொண்டு, "நீ மாட்டுடா" என்கிறான்.

அது மாகாண அரையிறுதி. கடற்கரை ஊர்க்காரர்களின் மைதானம். பிப்ரவரி மாதத்துக் காற்று புழுதியை அள்ளி எல்லார் வாயிலும் போட்டுக்கொண்டிருந்தது. மொத்தம் ஆறு இன்னிங்ஸ், அதில் ஆறாவது. மூன்றுக்கு மூன்று என்று இழுத்துக்கொண்டிருந்த ஆட்டத்தைக் கொஞ்சம் முன்புதான் நாங்கள் நாலுக்கு மூன்று ஆக்கியிருந்தோம். ஆக்கியது என் மகன். இரண்டு பஸ் நிறைய வந்திருந்த எங்கள் ஜனம் தகரக் கூரை பிய்ந்துகொண்டு போகிற மாதிரி முரசடித்தது. பக்கத்தில் இருந்த என் சிநேகிதி சுலெய்கா என் கழுத்தைக் கட்டிக்கொண்டு குதித்ததில் நான் குடித்துக்கொண்டிருந்த சிச்சேமே முழுக்க என் மடியில். சோளமும் பாலும் சர்க்கரையுமாகப் பாவாடை தொடையோடு ஒட்டிக்கொண்டது. அதைத் துடைக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

அந்த ரன் வந்த விதத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் ஏற்கெனவே இரண்டு பேர் அவுட். மூன்றாம் பேஸில் ஒரு பையன் வீடு என்கிற கடைசித் தட்டைப் பார்த்து ஓடத் தயாராக நிற்கிறான். அப்தியேலுக்கு இரண்டு ஸ்ட்ரைக் ஆகிவிட்டது, இன்னொன்று ஆனால் கதை முடிந்தது. அவர்களுடைய பிட்சர் பனைமரம் மாதிரி ஒருவன். பன்னிரண்டு வயசாம், மீசை முளைத்துவிட்டது. அவன் போட்ட பந்து உள்ளே வளைந்து அப்தியேலின் இடுப்புப் பக்கமாகவே வந்தது. அவன் மட்டையை வீசினான். டொக் என்று ஒரு சத்தம். பந்து பிட்சருக்கும் மூன்றாம் பேஸுக்கும் நடுவில் சோம்பேறித்தனமாக உருண்டது. மீசைக்காரன் அதை எடுக்கப் போய் வழுக்கி, எழுந்து, வீட்டுப் பக்கம் எறிந்தான். பந்து போய்ச் சேருவதற்குள் எங்கள் பையன் வந்துவிட்டான். அம்பயர் டெமோ இரண்டு கையையும் விரித்து ரன் என்றார்.

முதல் பேஸில் போய் நின்ற என் மகன் மட்டும் குதிக்கவில்லை. குனிந்து நின்றான். மூச்சு வாங்குகிறது போல என்று நினைத்துக்கொண்டேன். அடுத்து வந்த பையன் நாலு பந்தில் அவுட்டாகிவிட்டான். அத்தோடு நாங்கள் மட்டை பிடிப்பது முடிந்தது. இனி அவர்கள் முறை. மூன்று பேரை ரன் கொடுக்காமல் வெளியேற்றினால் நாங்கள் இறுதிப் போட்டியில்.

அப்போதுதான் அந்தக் கால்காப்பு விஷயம்.

கம்பிவலைக்கு இந்தப் பக்கம் இருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். அப்தியேல் எங்கள் பயிற்சியாளர் ஒல்மேதோவைக் கூப்பிட்டான். அக்குளிலிருந்து கையை வெளியே எடுத்து அவருக்கு மட்டும் தெரிகிற மாதிரி காட்டினான். ஒல்மேதோ சட்டென்று அவனை மறைத்த மாதிரி நின்றுகொண்டு, காதில் ஏதோ சொன்னார். பையன் தலையாட்டினான். அவர் அவனுடைய இடது கையில் கேட்சர் உறையை மெதுவாக, ரொம்ப மெதுவாக ஏற்றிவிட்டு, தலைக்கவசத்தில் ஒரு தட்டுத் தட்டி அனுப்பினார்.

ஒல்மேதோ எனக்கு யாரோ இல்லை. அப்தியேலுக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது தூக்கி நின்ற ஞானத்தகப்பன். அதனால் பையனுக்கு அவர் பாத்ரினோ, எனக்குக் கொம்பாத்ரே, நான் அவருக்குக் கொமாத்ரே. பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, நீங்க நாங்க என்றுதான் பேச்சு. பையனின் அப்பன் கோலோன் துறைமுகத்தில் வேலை, எப்போதாவது முகம் காட்டுவான். ஜுரம் வந்தால் ஓடி வந்தது, சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தது, முதல் கையுறை வாங்கித் தந்தது, எல்லாம் ஒல்மேதோதான். என் பையன் சாமியை நம்புவதற்கு முன்னால் அவரை நம்பினான்.

வலையோரம் போய், "கொம்பாத்ரே, கையில என்ன அவனுக்கு?" என்றேன்.

"ஒண்ணுமில்ல கொமாத்ரே. மட்டை அதிர்ந்திருக்கு, மரமரன்னு இருக்காம். நீங்க போய் உக்காருங்க."

என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

நான் உட்காரவில்லை. வீட்டுத் தட்டுக்கு நேர் பின்னால், வலையை ஒட்டி நின்றுகொண்டேன். எனக்கும் என் மகனுக்கும் நடுவில் வலை, வலைக்கு அந்தப் பக்கம் அம்பயர் டெமோவின் அகலமான முதுகு, அதற்கு முன்னால் குந்தியிருக்கிற என் பிள்ளை. டெமோ விரலை நீட்டி "ப்ளே!" என்றார். அவர் அப்படிச் சொன்னால்தான் செத்துக் கிடக்கிற பந்துக்கு உயிர் வரும். எங்கள் பக்கத்தில் சின்னக் குழந்தைக்கும் இது தெரியும்.

முதல் பந்து வந்து உறையில் விழுந்தது. டப். அப்தியேலின் தோள் ஒரு துடி துடித்தது.

கேட்சர் என்றால் என்ன என்று நினைக்கிறீர்கள்? மட்டைக்காரன் அடிக்காத ஒவ்வொரு பந்தும் அவன் இடது கையில்தான் வந்து விழும். இரண்டாவது பந்து. டப். அவன் உறையைக் கொஞ்சம் திருப்பிப் பிடித்தான், பந்து கட்டைவிரல் பக்கமாக விழட்டும் என்று. அப்படி அவன் பிடித்து நான் பார்த்ததே இல்லை. மூன்றாவதுக்குத் தொண்டைக்குள் ஒரு சத்தம் வந்தது. முரசுச் சத்தத்தில் யாருக்கும் கேட்டிருக்காது. எனக்குக் கேட்டது.

அந்த டொக் சத்தம் என் காதில் திரும்ப வந்தது. மட்டையில் பட்ட சத்தமா அது?

கையில் பட்டிருந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். ஏனென்றால் இரண்டாவது இன்னிங்ஸில் அவர்களுடைய பையன் ஒருவனுக்கு இதே மாதிரி நடந்திருந்தது. அவன் மட்டையை வீசினான், பந்து முழங்காலில் பட்டு எங்கேயோ உருண்டது, மூன்றாம் பேஸில் நின்றவன் ஓடி வந்து ரன் எடுத்துவிட்டான். டெமோ இரண்டு கையையும் உயர்த்தினார். "செத்த பந்து! வீசினப்புறம் உடம்புல பட்டிருக்கு. ஸ்ட்ரைக். ரன் கிடையாது, போ பழைய இடத்துக்கு!" கடற்கரைக்காரர்கள் தொண்டை கிழியக் கத்தினார்கள். நாங்கள் முரசடித்தோம். அவர்களுடைய பயிற்சியாளர் கொஞ்ச நேரம் முறைத்துக்கொண்டே நின்றார். அடுத்த பந்து போட்ட பிறகு என்ன தோன்றியதோ, பந்து முதலில் மட்டையில்தான் பட்டது என்று வாதாட ஓடி வந்தார். அவ்வளவுதான். ஒல்மேதோ கொட்டகையிலிருந்து சேவல் மாதிரி பாய்ந்தார். "இப்ப வந்து என்னய்யா பேச்சு? அடுத்த பந்து போட்டாச்சு! போட்டதுக்கப்புறம் எதையும் மாத்த முடியாது. வீட்டுக்குப் போய் விதியைப் படிச்சிட்டு வா!" டெமோவும் ஆமாம் என்று தலையாட்டினார். எங்கள் ஜனம் சிரித்து உருண்டது. நானும்தான் சிரித்தேன். விதிகளை ஜெபமாலை மாதிரி ஒப்பிக்கிற மனிதர் என்று எனக்குப் பெருமை வேறு.

ஆனால் இப்போது என் மண்டையில் ஒன்றே ஒன்றுதான் ஓடியது. அப்தியேலுக்கு அப்போது இரண்டு ஸ்ட்ரைக். வீசியிருக்கிறான். பந்து கையில் பட்டிருந்தால் அது மூன்றாவது ஸ்ட்ரைக், அவுட், அந்த ரன் இல்லை. நாங்கள் ஜெயித்துக்கொண்டிருக்கிற ஒரே ரன்.

முதல் ஆள் ஸ்ட்ரைக் அவுட். ஜனம் எழுந்து நின்றது. நான் வலைக்குள் விரலை விட்டுப் பிடித்துக்கொண்டு, அடுத்த ஆள் வருவதற்குள், "அப்தி! கையக் காட்டு" என்றேன்.

அவன் முகமூடிக்குள்ளிருந்து திரும்பினான். வாயைச் சுற்றி வெளுத்திருந்தது.

"மா, போம்மா."

"பந்து எதுல பட்டுச்சு?"

"சத்தம் போடாத." அவன் கண் டெமோவின் பக்கம் போனது. டெமோ துடைப்பத்தால் தட்டைப் பெருக்கிக்கொண்டிருந்தார். "காட்டினா ரன் போயிரும். பாத்ரினோ சொன்னாரு. இன்னும் ரெண்டு அவுட்தான். விடும்மா."

பாத்ரினோ சொன்னாராம்.

அடுத்த ஆளுக்கு நாலு பந்தும் வெளியே போயின. நாலையும் அப்தியேல் பிடித்தான். டப், டப், டப், டப். நாலு வெளியே போனால் பேஸ் இலவசம் என்பதால் அந்தப் பையன் நடந்தே முதல் பேஸுக்குப் போனான். அதற்கடுத்த பந்து அப்தியேலின் உறையிலிருந்து நழுவியது. முதல் பேஸில் நின்றவன் இரண்டாம் பேஸுக்கு ஓடிவிட்டான். எங்கள் ஜனத்துக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஏலே அப்தியேல், கையில என்ன வெண்ணெயா?" என்று யாரோ கத்தினான். திரும்பிப் பார்த்தேன். எங்கள் தெருக்காரன். அவனை அங்கேயே கடித்திருப்பேன்.

சுலெய்கா கீழே இறங்கி வந்து என் இடுப்பைப் பிடித்தாள். "ஏண்டி யாரியேலா, ஏன் இப்படிப் பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?"

"அவன் கை ஒடைஞ்சிருக்குடி."

"எப்ப?"

"அந்த ரன் எடுத்தானே, அப்ப. மட்டையில படல. கையில பட்டிருக்கு."

அவள் என் வாயைப் பொத்தினாள். நிஜமாகவே பொத்தினாள். "அடிப்பாவி, மெதுவா! இது வெளிய வந்தா ரன்னு போச்சு. ரெண்டு பஸ்காரங்க இருக்காங்க, உன்னை உரிச்சு உப்புத் தடவிடுவாங்க. இன்னும் ரெண்டு பேருதானே, பையன் தாங்கறான்ல?"

"தாங்கறான். அதுதாண்டி எனக்குத் தாங்கல."

அவள் கையை எடுத்துவிட்டாள். கெட்டவள் இல்லை சுலெய்கா. அவளுக்கும் அந்த டப் கேட்கத் தொடங்கிவிட்டது என்று நினைக்கிறேன். அடுத்த பந்துக்கு அவளும் கண்ணை மூடிக்கொண்டாள்.

நானும் யோசிக்காமல் இல்லை. இந்தப் பிள்ளைகள் அக்டோபர் மழையிலிருந்து இதற்காகத்தான் சேற்றில் புரண்டார்கள். நான் வாயைத் திறந்தால் ரன் போகும், ஆட்டம் போகலாம், என் மகன் என்னை மன்னிக்கவே மாட்டான். அவன் கை பிறகு சேர்ந்துகொள்ளும் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். சேராவிட்டால்? கோணலாகச் சேர்ந்தால்? எந்த நேரமும் பந்து பிடித்துக்கொண்டிருக்கிற கை அது. இப்படி ஒவ்வொரு பந்துக்கும் இந்தப் பக்கம் ஒரு முறை, அந்தப் பக்கம் ஒரு முறை மாறிக்கொண்டிருந்தேன். ஆட்டம் நடக்கும்போது உள்ளே போகவும் முடியாது. உயிருள்ள பந்து இருக்கும்போது பெற்றவள் கோட்டைத் தாண்டினால் என்னையும் துரத்துவார்கள், பையனுக்கும் தண்டனை.

அப்போது மட்டைக்காரன் ஒரு பந்தைக் கீழாகச் சீவினான். அது பின்னால் தெறித்து நேராக அப்தியேலின் உறை விளிம்பில், அந்தக் கையின் மேலேயே அடித்தது. அவன் ஒரு முழங்காலில் சாய்ந்தான். நாய்க்குட்டியை மிதித்தால் வருமே, அந்தச் சத்தம்.

"ஃபவுல்! செத்த பந்து!" என்று டெமோ கையை உயர்த்தினார்.

அவர் கை இறங்குவதற்குள் நான் வலைக் கதவின் கொக்கியைத் தட்டிவிட்டு உள்ளே போய்விட்டேன்.

"அம்மா, நீங்க உள்ள வரக்கூடாது," என்றார் டெமோ.

"பந்து செத்துக் கிடக்குல்ல? அப்ப நான் வரலாம். டெமோ, கொஞ்சம் முன்னாடி இவன் ஒரு ரன் எடுத்துக் குடுத்தானே, அது மட்டையில படல. அவன் கையில பட்டுச்சு. ரன்னை எடுத்துக்கங்க, அவுட் குடுங்க, என்ன வேணா பண்ணுங்க. இந்தக் கையப் பாருங்க."

"மா!" என்றான் அப்தியேல். அவ்வளவு வெறுப்போடு அவன் என்னைக் கூப்பிட்டதே இல்லை.

எங்கள் ஜனம் வலைப் பக்கம் நெருங்கியது. அப்புறம் ஆரம்பித்தது பாருங்கள். துரோகி, கடற்கரைக்காரி, இவளை யாருடா பஸ்ஸில் ஏற்றினது. பிளாஸ்டிக் கோப்பை ஒன்று பறந்து வந்து வலையில் பட்டு விழுந்தது. நான் நகரவில்லை.

டெமோ முகமூடியைக் கழற்றினார். மண்ணில் முட்டி போட்டு உட்கார்ந்து, உறையைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. வாரைத் தளர்த்தி, ஒவ்வொரு விரலாக விடுவித்தார். கை வெளியே வந்தது. சுண்டுவிரலும் அதற்குக் கீழே முழுக்கவும் கத்தரிக்காய் நிறத்தில் வீங்கி, விரல் போகக்கூடாத பக்கமாகத் திரும்பியிருந்தது.

"மரத்துல பட்ட சத்தம்னு நினைச்சேன்," என்றார் டெமோ. "எலும்பு."

எதிரணிப் பயிற்சியாளர் ஓடி வந்தார். "கேட்டீங்கள்ல? பெத்தவளே சொல்றா! அப்ப அந்த ரன் கேன்சல்!"

"கேன்சல் இல்ல," என்றார் டெமோ, கையிலிருந்து கண்ணை எடுக்காமல். "அப்பவே இவன் கையக் காட்டியிருந்தா அவுட் குடுத்திருப்பேன். அதுக்கப்புறம் அடுத்த பையன் வந்து, அவனுக்குப் பந்து போட்டாச்சு. போட்ட உடனே அந்த ரன் உறுதியாயிடுச்சு. இனி நானே நினைச்சாலும் அழிக்க முடியாது. உங்களுக்குத் தெரியாதா? ரெண்டாவது இன்னிங்ஸ்ல இதைத்தானே சொல்லி உங்களைத் திருப்பி அனுப்பினாங்க."

எங்கள் ஜனம் ஓவென்று கத்தி முரசை அடித்தது. என்னைத் துரோகி என்ற அதே வாய்கள்.

எனக்கு முரசு கேட்கவில்லை. வேறு ஒரு குரல்தான் கேட்டது. அடுத்த பந்து போட்டாச்சு, போட்டதுக்கப்புறம் எதையும் மாத்த முடியாது. ஒல்மேதோவின் குரல். அப்படியானால் என் மகன் கொட்டகைக்கு வந்து கையைக் காட்டியபோதே அந்த ரன் பத்திரமாக இருந்தது. அதை யாரும் எடுத்துக்கொண்டு போயிருக்க முடியாது. அந்த டப் எல்லாமே, ஒன்று விடாமல், தேவையே இல்லாதது. அவருக்குத் தேவைப்பட்டது அப்தியேல் என்ற நல்ல கேட்சர்தான். மாற்றுக் கேட்சர் இர்விங் பொடியன், பாதிப் பந்தைக் கோட்டை விடுவான்.

பையனைத் தோளில் சாய்த்துக்கொண்டு கொட்டகைப் பக்கம் நடந்தேன். இர்விங் அவசர அவசரமாகக் காப்புகளை மாட்டிக்கொண்டு எங்களைக் கடந்து ஓடினான். முகமூடி அவனுக்குப் பெரிசு, மூக்குக்குக் கீழே இறங்கிக்கொண்டே இருந்தது.

ஒல்மேதோ ஐஸ் பையோடு எதிரே வந்தார். முகம் சாம்பலாக இருந்தது. "கொமாத்ரே, குடுங்க, நான் தூக்கிட்டு வர்றேன். வண்டியில ஏத்திடலாம். லாஸ் தாப்லாஸ் ஆஸ்பத்திரிக்குப் போனா உடனே படம் எடுத்துப் பாத்துடுவாங்க."

"தொடாதீங்க."

ஐஸை மட்டும் வாங்கிக்கொண்டேன்.

அப்தியேல் என் தோளிலிருந்து தலையைத் தூக்கினான். அதுவரை அழாதவன் இப்போதுதான் அழுதான், வலிக்காகக்கூட இல்லை. "மா, பாத்ரினோவைத் திட்டாதம்மா. அவருக்கு அந்த விதி தெரியாது. தெரிஞ்சிருந்தா என்கிட்டச் சொல்லியிருப்பாரு."

அந்த வீங்கின கையைப் பார்த்தபோதுகூட எனக்கு இப்படி வலிக்கவில்லை. இரண்டாவது இன்னிங்ஸில் அவன் வெளியே, மைதானத்தில் இருந்தான். தட்டுக்குப் பின்னால் டெமோவின் பக்கத்திலேயே நின்றிருந்தான். ஒல்மேதோ கத்தியது எல்லாரையும்விட அவனுக்குத்தான் நன்றாகக் கேட்டிருக்கும். கேட்டும், தெரியாது என்று எனக்குச் சொல்கிறான்.

"சொல்லு, ஒல்மேதோ," என்றேன். அவன் பெயரைச் சொல்லி நான் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "பையன் சொல்றான்ல? தெரியாதுன்னு நீயே அவன்கிட்டச் சொல்லு. நானும் நம்பிட்டுப் போயிடறேன்."

ஒல்மேதோ பையனின் கையைப் பார்த்தான். வாயைத் திறந்தான். உதடு அசைந்தது.

எங்களுக்குப் பின்னால் டெமோ முகமூடியை மாட்டிக்கொண்டு, பிட்சரைப் பார்த்து விரலை நீட்டி, "ப்ளே!" என்றார்.

ஒல்மேதோவின் தலை பந்தின் பக்கம் திரும்பிவிட்டது. அப்தியேல் இன்னும் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.